அலாஸ்காவுக்கு மாற்றலாகிப் போன மனிதர்

மிஷன் இம்பாசிபிள் வரிசையின் எட்டாவது படம் ‘தி ஃபைனல் ரெக்கனிங்’ அமெரிக்காவில் வெளிவருவதற்கு ஆறு நாள் முன்னாலேயே, 2025 மே 17 சனிக்கிழமை, நம் ஊரில் வந்துவிட்டது. முதல் நாளே பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் தமிழ் டப்பிங்கில் இன்னொரு தடவை போனேன். டாம் க்ரூஸ் விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டிய விஷயம்தான், ஆனால் இரண்டு தடவையும் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது என் மனசில் நின்றது விமானம் இல்லை, வில்லியம் டான்லோ. அந்தப் பெயர் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படத்தின் முக்கியமான இடங்கள் எல்லாம் இதில் வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

1996-இல் வந்த முதல் படத்தை நினைத்தால் எல்லோருக்கும் வருவது ஒரே காட்சி. வெள்ளை அறை, கூரையிலிருந்து கயிற்றில் தலைகீழாக இறங்கும் ஈத்தன் ஹன்ட் (டாம் க்ரூஸ்தான்), சத்தம் வரக்கூடாது, தரையில் கால் படக்கூடாது, அறையின் சூடு கூடக்கூடாது. மூக்குக் கண்ணாடியில் உருண்டு வரும் ஒரு வியர்வைத் துளியைக் கையில் ஏந்துவாரே, அந்தக் காட்சிதான். சரி, அந்த அறை யாருடையது? அங்கே தினமும் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு சி.ஐ.ஏ. ஊழியருடையது. அவர்தான் டான்லோ. அவருடைய காபியில் ஈத்தனின் ஆட்கள் சொட்டு மருந்து கலந்துவிடுகிறார்கள், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், திரும்பி வருகிறார், மறுபடியும் ஓடுகிறார். அவர் ஓடும் இடைவெளிகளில்தான் திருட்டு நடக்கிறது. கடைசியில் எல்லாம் முடிந்து ஈத்தன் மேலே ஏறும்போது, கூரைக்குள் இருந்து கயிற்றைப் பிடித்திருந்தவனின் கத்தி கை தவறி விழுந்து மேஜையில் குத்தி நிற்கிறது. டான்லோ உள்ளே வருகிறார், கத்தியைப் பார்க்கிறார், மேலே அண்ணாந்து பார்க்கிறார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. அப்புறம் கிட்ரிட்ஜ் என்ற அதிகாரி ஒரே வாக்கியத்தில் அவர் கதையை முடித்துவிடுவார்: இன்று சாயங்காலத்துக்குள் அவன் அலாஸ்காவில் ஒரு ராடார் கோபுரத்தில் இருக்க வேண்டும், துணிமணியைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்று.

தியேட்டர்களில் அதற்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரிக்கத்தான் அந்த வசனம். நம் ஊர்ப் படங்களில் அமைச்சரோ பெரிய அதிகாரியோ நேர்மையான ஆளைப் பார்த்து “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்” என்று சொல்வதில்லையா, அதேதான்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது வெளிவந்து இரண்டு வருடம் கழித்து, மதுரையில் எங்கள் வீட்டில், கேபிளில், அப்பாவோடு உட்கார்ந்து. அன்று அப்பா லீவில் வந்திருந்தார். அவர் அப்போது வால்பாறையில் இருந்தார். ஏன் அங்கே இருந்தார் என்றால், அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் இருப்புக் கணக்கில் ஒரு குளறுபடி, ஆடிட்டுக்கு வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள், பதிவேட்டை எழுதியது வேறு ஒருவர், கையெழுத்துப் போட்டது மேலே இருந்தவர், ஆனால் மேலிடத்துக்கு அனுப்ப ஒரு பெயர் வேண்டியிருந்தது. காலையில் மெமோ, சாயங்காலம் மாறுதல் ஆணை, மறுநாளே ரிலீவ். எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா அப்பாவின் வேட்டி சட்டைகளை ஒரு ரெக்ஸின் பையில் அடுக்கிக்கொண்டிருந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது. ஸ்வெட்டர் என்று எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது, மதுரையில் அது எதற்கு? பக்கத்து வீட்டில் ஒரு பழைய மப்ளர் வாங்கி வந்து அதையும் பைக்குள் வைத்தார்.

அப்பாவுக்குப் படத்தின் ஆங்கிலம் முழுசாகப் புரியவில்லை, ஆனால் ‘அலாஸ்கா’ என்ற சொல் காதில் விழுந்ததும், “யாரை அனுப்பறாங்க?” என்று கேட்டார். அந்த ரூமில் இருந்தாரே, அவரை என்றேன். “அவன் என்ன பண்ணான்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா டிவியைப் பார்த்தபடியே, “அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருடமும் இந்த வரிசையின் ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். நானும் எல்லோரையும் போல மறந்துவிட்டேன். புர்ஜ் கலீஃபாவில் கண்ணாடிமேல் ஓடியபோதும், பறக்கும் விமானத்தின் கதவில் தொங்கியபோதும் வாயைப் பிளந்து பார்த்தவன்தான். அதனால்தான் எட்டாவது படத்தில், பெரிங் கடலின் நடுவில் இருக்கும் செயின்ட் மேத்யூ தீவில், பனிக்குள் ஒரு வீட்டில், வெள்ளைத் தாடியோடு அந்த முகம் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. அதே நடிகர், ரால்ஃப் சாக்ஸன். 29 வருடம் ஆகிவிட்டது.

அந்தத் தீவைப் பற்றி வீட்டுக்கு வந்து படித்தேன். அலாஸ்காவிலேயே மிக ஒதுங்கிய இடங்களில் ஒன்று, நிஜத்தில் அங்கே யாரும் குடியிருப்பதில்லை. 1944-இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே ஒரு சிறு நிலையம் வைத்திருந்தபோது, சாப்பாட்டுக்கு ஆபத்து வந்தால் உதவட்டும் என்று 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் பெருகி 1963-இல் 6,000 ஆகி, தின்ன எதுவும் மிஞ்சாமல் அடுத்த குளிர்காலத்திலேயே ஏறக்குறைய எல்லாம் செத்துப் போயின. கொண்டுபோய் விட்டுவிட்டு மறந்துவிடுவதற்கு ஏற்ற தீவாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள். படப்பிடிப்பு நடந்தது அங்கே இல்லை, பனிக்காட்சிகளை நார்வேயின் ஸ்வால்பார்டில் எடுத்தார்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். முதல் ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏறக்குறைய 2 மணி 50 நிமிடப் படத்தில் அவ்வளவு நேரத்தை ‘முன்கதைச் சுருக்கத்துக்கு’ செலவழித்திருக்கிறார் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரி. யாராவது ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், உடனே பழைய படத்திலிருந்து ஒரு துண்டு வருகிறது. உலகத்தின் அணு ஆயுதங்களை எல்லாம் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கும் அந்தச் செயற்கை நுண்ணறிவு வில்லனுக்கு முகம் இல்லை, குரல் இருக்கிறது, பயம்தான் வரவில்லை. மூன்றாவது படத்தில் ‘முயல் கால்’ என்று ஒரு பொருளைத் தேடுவார்களே, அது என்னவென்று கடைசி வரை சொல்லாமல் விட்டதுதான் அந்தப் படத்தின் அழகு, இங்கே அதற்கும் விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் முதல் படத்தின் துரோகி ஜிம் ஃபெல்ப்ஸின் மகன்தான் ஈத்தனைத் துரத்தும் அதிகாரி பிரிக்ஸ் என்று ஒரு திருப்பம். அது எனக்குத் துளிகூட ஒட்டவில்லை. அப்பாவைக் கொன்றவனைத் தேடி வரும் மகனை நாம் எத்தனை படத்தில் பார்த்துவிட்டோம்.

இதில் எனக்கு ஒரு விஷயம் படுகிறது. இரண்டு பேரையும் முதல் படத்திலிருந்துதான் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். பிரிக்ஸுக்கு ஈத்தனோடு இருப்பது ரத்தக் கணக்கு, அது திரைக்கதை எழுதுபவர்கள் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்ளக்கூடிய கணக்கு. டான்லோவுக்கு இருப்பது அப்படி இல்லை. அது நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த, பார்த்துச் சிரித்த அநியாயம். 29 வருடமாக அந்தப் பாக்கி நின்றுகொண்டே இருந்தது, யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு வரிசையின் அடுத்த பாகம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்னும் உயரமான கட்டடம், இன்னும் வேகமான வண்டி எல்லாம் இருக்கட்டும், முந்திய படத்தில் நாயகன் ஜெயித்துவிட்டுப் போன பிறகு அந்த அறையைப் பெருக்கியது யார், பழி யார்மேல் விழுந்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதுவும் பார்த்து இரக்கப்பட்டதோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கதையின் அச்சாணியே அவரிடம்தான் இருக்கிறது. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ரஷ்ய நீர்மூழ்கி செவஸ்தபோல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் செயற்கை நுண்ணறிவு வில்லனை எதிர்த்து எதையும் செய்ய முடியும். கடலுக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளை வைத்து நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு அமெரிக்கக் கடற்படைக்கு 1950-களிலிருந்தே உண்டு, டான்லோ உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில். அந்தக் கப்பல் வெடித்த சத்தம் அவர் காதுக்கு வந்திருக்கிறது. இடத்தைக் குறித்தும் வைத்திருக்கிறார். ரஷ்யப் படை வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஆனால் அந்த எண்கள் அவர் தலைக்குள் இருக்கின்றன. யாருமே கேட்காத வேலையை, யாருக்கும் அனுப்ப வேண்டாத அறிக்கையை, தண்டனையாகக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருடம் ஒழுங்காகச் செய்த மனிதர். அரசாங்க வேலையில் இருக்கும் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்குப் புரியும், தூக்கியடிக்கப்பட்ட இடத்திலும் பதிவேட்டில் கோடு நேராகப் போடுகிறவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார்.

அதற்குப் பிறகு வரும் நீர்மூழ்கிக் காட்சியைத் தயவுசெய்து பெரிய திரையில் பாருங்கள். வசனமே கிட்டத்தட்ட இல்லை. கடலடியில் கப்பல் மெல்ல உருள்கிறது, உள்ளே பாதி தண்ணீர், பாதி காற்று, ஈத்தன் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது கப்பல் சுழன்று கீழே இருந்தது மேலே வந்துவிடுகிறது, தாங்கிகளிலிருந்து கழன்ற டார்பிடோக்கள் மரக்கட்டை மாதிரி உருண்டு வருகின்றன. நான் நாற்காலியின் கையைப் பிடித்தது எனக்கே தெரியவில்லை. கடைசியில் கவச உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு உறையும் தண்ணீரில் வெறும் உடம்போடு மேலே நீந்துகிறார். அறுபது வயதைக் கடந்த மனிதரின் உடம்பு அது. மேலே பனிக்கட்டி. அந்த இடத்தில் தியேட்டரில் யாரும் பாப்கார்ன்கூடக் கடிக்கவில்லை.

கடைசியில் வரும் விமானச் சண்டையும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. மஞ்சளும் சிவப்புமாக இரண்டு பழைய இரட்டை இறக்கை விமானங்கள், காற்று முகத்தின் சதையைப் பின்னால் இழுக்கிறது, அது நிஜக் காற்று என்று பார்த்தாலே தெரிகிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் டான்லோவிடமே திரும்புகிறேன்.

அந்தத் தீவில் அவர் தனியாக இல்லை. டபீசா என்று ஒரு மனைவி. இனுயிட் பெண், நடித்திருக்கும் லூசி டுலுகார்ஜுக்கும் இனுயிட்தான். அவள் தன் மொழியில் பேசுகிறாள், டான்லோவுக்குப் புரிகிறது. ஒரு மனிதன் ஓர் இடத்தில் தண்டனைக் காலத்தைக் கழித்தானா, வாழ்ந்தானா என்பதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும். அதன் பிறகு ஈத்தனும் அவரும் பேசும் காட்சி வருகிறது. டான்லோ கோபப்படவில்லை. நீ வராமல் இருந்திருந்தால் நான் இவளைப் பார்த்தே இருக்க மாட்டேன் என்கிற மாதிரி சொல்கிறார். சொல்லிவிட்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறார். அன்று மேஜையில் குத்தி நின்ற அதே கத்தி. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், “டேய், அந்தக் கத்திடா!” என்று கத்தியே விட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த படம் அது.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அந்தக் காட்சியில் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. தப்பு செய்தவனுக்கு எவ்வளவு வசதி! வாழ்க்கை போனவனே வந்து, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக் கையில் பரிசும் கொடுத்துவிட்டால் அவன் நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள், “எல்லாம் நல்லதுக்குத்தான் மாப்ளே, மலைக்காத்து உடம்புக்கு நல்லது.” அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வார்.

இரண்டாவது தடவை, தமிழில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. நல்லதுக்குத்தான் என்று ஈத்தன் சொல்லவில்லை. அவன் தன் பக்கத்து நியாயம் எதையும் அங்கே பேசவில்லை. சொன்னது தூக்கியடிக்கப்பட்டவர். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் உரிமை, அவரும் அதைச் சொல்வதற்கு 29 வருடம் எடுத்துக்கொண்டார். கத்தியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்றால் என்ன அர்த்தம்? முதல் நாளே மன்னித்துவிட்டவர் அதை வைத்திருக்க மாட்டார். எத்தனையோ குளிர்காலத்தில் அதை எடுத்துப் பார்த்திருப்பார், எந்த வருடத்திலோ அது வெறும் கத்தியாக மாறியிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். உத்தரவு போட்ட கிட்ரிட்ஜும் இந்தப் படத்தில் இருக்கிறார், அதே ஹென்றி செர்னி. இப்போது அவர் சி.ஐ.ஏ.வின் தலைவர், பாதுகாப்பான பதுங்கு அறையில் அமெரிக்க அதிபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் டான்லோவும் சந்திப்பதே இல்லை. இந்த ஒன்றில் படம் நிஜ வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அப்பாவின் விஷயத்திலும், பதிவேட்டைத் தப்பாக எழுதியவர் பல வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் வழியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றார். கையெழுத்துப் போட்டவர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனவர்தான், ஒரு கடுதாசி வரவில்லை.

ஈத்தனின் கூட்டாளி லூதரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. விங் ரேம்ஸ். டாம் க்ரூஸைத் தவிர எட்டுப் படத்திலும் இருப்பது அவர் மட்டும்தான். 1996-இல் அந்தத் திருட்டு நடந்தபோது வெளியே தீயணைப்பு வண்டிக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவரை இந்தப் படத்தில் சாகவிடுகிறார்கள், லண்டனில், பூமிக்கடியில், ஒரு வெடிகுண்டுக்குப் பக்கத்தில். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஈத்தன், அந்தப் பக்கம் லூதர், நீ போ என்று அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க உட்கார்கிறார். அன்று டான்லோவின் அறைக்குள் புகுந்த கூட்டத்தில் கயிற்றைப் பிடித்தவனும் செத்துவிட்டான், காபியில் மருந்து கலந்தவளும் செத்துவிட்டாள், லூதரும் போய்விட்டார். கத்தியை வாங்கிக்கொள்ள மிச்சம் இருந்தது ஈத்தன் ஒருவர்தான். லூதர் காட்சியில் நான் அழுதேன். டான்லோ காட்சியில் அழுகை வரவில்லை, தொண்டை மட்டும் அடைத்துக்கொண்டது, படம் முடிந்து வண்டியை எடுக்கும் வரை அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு போன் செய்தேன். அந்த அலாஸ்கா ஆள் ஞாபகம் இருக்காப்பா என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லை. கதையைச் சொன்னேன், தீவு, மனைவி, கத்தி எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டு, “பொண்டாட்டி அங்க வந்து அமைஞ்சிருக்கா, பரவால்ல” என்றார். பிறகு தானாகவே வால்பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், தண்ணியில்லாக் காடு என்று பேரு, நின்னாத்தானே மழை, ஆறு மாசம் குடையை மடக்கவே இல்லை என்று. இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தம் கரி இன்ஜின் மாதிரி கேட்கும், முதல் தடவை கேட்டபோது மேலே என்னவோ வருகிறது என்று குனிந்துகொண்டாராம். இதை எனக்குச் சின்ன வயதில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அட்டைக்கடிக்குச் சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு நடந்ததையும் சொல்லியிருக்கிறார். அந்த அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் வாயால் நான் கேட்டதே இல்லை, எல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

அந்த மாறுதல் ஆணை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. “இருடா” என்று போனை வைத்துவிட்டுப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வர ரொம்ப நேரமானது. எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் இருந்ததாம். படிச்சுக் காட்டுங்க என்றேன். முன்பக்கத்தைப் படிக்கவில்லை. பின்னால என்னமோ எழுதியிருக்கே என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு, காலை 4.30, 6.15, 9.00, கடைசி வண்டி ராத்திரி. பஸ் ஸ்டாண்டில் நின்று யாரிடமோ கேட்டு, கையில் இருந்த அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டாராம்.